பூட்டி வைத்த ஓட்டு

தம்பிக்கு அவர்கள் வாங்கிக் கொடுத்த பொறோட்டாவை அடித்துப் போட்டவன் நான்தான். சூட்டோடு கல்லிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து, இதழ் பிரித்து இலையில் வைத்தேன். நாலு பேர் அவனைச் சுற்றி உட்கார்ந்து, பீஃப் வறுவலை ஊட்டிவிடாத குறையாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் வெட்கத்தோடு சிரித்தான். மறுநாள் அதே ஆட்களோடு ரத்தம் வரச் சண்டை போட்டோம்.

நாங்கள் போனக்காடு எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள். நான் எட்டாம் வகுப்போடு நின்று லாரி, மீன்பிடிப் படகு, ரப்பர் வெட்டு என்று சுற்றியவன். திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தம்பிக்கு இடம் கிடைத்ததும், அதன் வாசலில் இருந்த கடையில் பொறோட்டா மாஸ்டராகச் சேர்ந்தேன். அவன் ஆசைப்பட்டது நகரத்து அரசுக் கல்லூரி. ஓரிரு மார்க்கில் அது தவறிப்போனது. முதல் வருடம் வெறிபிடித்தவன் போலப் படித்து மாற்றலுக்கு எழுதினான். அவன் பாடப்பிரிவில் ஒரே ஒரு இடம் காலி. அது அவனுக்கு வந்தது. குறித்த நாளில் மத்தியானத்துக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும்.

அதே நாளில்தான் கல்லூரியில் சேர்மன் தேர்தல். அங்கே மாணவர்கள் வகுப்புக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள்; பிரதிநிதிகள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுப்பார்கள். பிரதிநிதியை எதிர்க்கட்சி கடத்திப் போவதும், சொந்தக் கட்சியே ஒளித்து வைப்பதும் வழக்கம். மாற்றல் வருமுன்பே தம்பி தன் வகுப்பில் ஜெயித்திருந்தான். இரண்டு அணிக்கும் ஒரு ஓட்டுதான் வித்தியாசம். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஓட்டுப் போட்டவர்களிடம் சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்று, தன் அணித் தலைவனிடமே போய் விடை கேட்டான். எல்லோரும் 'சேட்டன்' என்று கூப்பிடும் அந்தத் தலைவன் அவனைக் கட்டிப்பிடித்து, "அடிபொளி, மோனே! செலவு எங்க வகை" என்றான். அந்தச் செலவுதான் நான் அடித்த பொறோட்டா. சாப்பிட்டதும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஊர் சுற்றப் போகிறார்கள் என்று நானும் கையசைத்தேன்.

மறுநாள், தேர்தலன்று காலையில் யாருடைய போனிலிருந்தோ அழைத்தான். "அண்ணே, கல்லாத்துல ஒரு வீட்டுல பூட்டி வச்சிருக்காங்க. ஆத்துச் சத்தம் கேக்குது. ஓட்டுக்குத்தான் வெளிய விடுவாங்களாம்." கடைக்காரரின் பைக்கை எடுத்தேன். கல்லைச் சுரண்டும் இரும்புச் சட்டுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தார்ப்பாய் போட்ட ஜீப் வாசலில் நின்றதால் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காவலுக்கு நின்றவன், "பாண்டி, போய் மாவு பெசைடா" என்று, தமிழர்களை அங்கே கேலியாக அழைக்கும் பேரைச் சொல்லிச் சிரித்தான். சட்டுவத்தால் அவன் முழங்காலில் அடித்தேன், சுருண்டு விழுந்தான். இன்னொருவன் என் முதுகில் விறகுக் கட்டையால் போட்டான். படகில் இதைவிட வாங்கியிருக்கிறேன். பூட்டைத் தட்டி உடைத்ததும் சர்டிபிகேட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தம்பி ஓடிவந்தான். சேட்டன் வாசல் கேட் அருகே நின்றான். "எடா, ஒரு வோட்டு! அது கழிஞ்ஞு எங்க வேணும்னாலும் போடா!" என்று கத்தினான். அவன் குரலில் அழுகை இருந்தது. தம்பி கேட்டைப் பிடித்து இழுத்தான். சேட்டன் முழு பலத்தோடு அறைந்து சாத்தினான். தம்பியின் வலது கை இடுக்கில் மாட்டியது. விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதுவரை ஒரு நாயைக்கூட விரட்டாதவன் தம்பி. இடது கையால் ஒரு உருண்டைக் கல்லை எடுத்துச் சேட்டனின் வாயில் அடித்தான். விழுந்தவனை மறுபடி அடித்தான். மூன்றாவது முறை ஓங்கியபோது நான் கழுத்தைப் பிடித்து இழுத்துப் பைக்கில் உட்காரவைத்தேன். "விடுண்ணே, விடு" என்று நெடுமங்காடு வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

மத்தியானத்துக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தோம்; அரசுக் கல்லூரி அலுவலகத்தில் கூட்டம் கலைந்திருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த மேடம் எங்கள் சட்டைகளைப் பார்த்தார்.

"எந்து பற்றி மோனே? என்ன ஆச்சு?"

"ஆக்ஸிடென்ட், மேடம்."

"ரெண்டு பேரும் ஒரே வண்டியா?"

"ஆமா" என்றேன். அது பொய்யில்லை.

தம்பியின் வலது கை என் துண்டுக்குள் வீங்கிக் கிடந்தது. பேனாவை இடது கையில் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். மேடம் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இனி எல்லாத்திலும் இதே ஒப்பு வேணம், கேட்டோ. மாறினால் குழப்பமாகும்." பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

அந்தத் தேர்தலில் சேட்டனின் அணி தோற்றது. அவன் ஆட்கள் பொறோட்டாக் கடையை அடித்து நொறுக்கினார்கள். வழக்கு என்று போனால் இரண்டு பக்கமும் படிப்பு போகும் என்பதால் யாரும் போலீஸுக்குப் போகவில்லை. எனக்கு இடம் மாறுவது புதிதில்லை. இப்போது வலியசாலைப் பக்கம் ஒரு கடையில் நிற்கிறேன். தம்பிக்கு இது கடைசி வருடம். எலும்பு கூடிவிட்டது. வலது கையால் கணக்குப் போடுகிறான், பாலத்துக்குப் படம் வரைகிறான்; பார்த்தால் அச்சடித்தது போல இருக்கும். பரீட்சைத் தாளில் ஒப்பு போடும் இடம் வந்தால் மட்டும் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறானாம். ஒருநாள் அந்தக் கையெழுத்தை எனக்குப் போட்டுக் காட்டினான். எட்டாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்து மாதிரியே இருந்தது.