நூலால் வெட்டிய கேக்

நேற்று மாடி வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள். கேக்கை வெட்டினான், முதல் துண்டைத் தானே தின்றான். மீதியை மற்றவர்கள் அவன் முகத்தில் அப்பினார்கள். க்ரீம் காதுக்குள் போயிற்று. கேக் போட்டவன் பார்த்தால் செருப்பால் அடிப்பான் என்றேன். அங்கிளுக்கு பி.பி. என்று சிரித்தார்கள். பி.பி.யும் இருக்கிறது. ஆனால் நானே பதினோரு வருடம் கேக் போட்டவன்.

தொண்ணூறுகளில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சின்ன பேக்கரியில் இருந்தேன். வெண்ணிலா வாசனை வந்தால் இன்றைக்கும் சாமுவேல் அங்கிள் ஞாபகம்தான். விமானப்படையில் நேவிகேட்டர். வானத்தில் வழி சொன்ன அந்த மனிதர், எங்கள் கடைக்கு வரும்போது வாரத்துக்கு ஒருமுறையாவது தெரு மாறிப் போய்விடுவார். எழுபத்தொன்று யுத்தத்தில் அவர் விமானம் விழுந்து, பாகிஸ்தானில் ஒரு வருடம் கைதியாக இருந்தார். கேட்டால் அடி உதையெல்லாம் சொல்லமாட்டார், ரொட்டியைத்தான் சொல்வார். கைதிகளிடம் கத்தி ஏது? கம்பளியில் உருவிய நூலால் ரொட்டியை அறுப்பார்களாம். அறுத்தவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் எவனும் தனக்கென்று பெரிதாக அறுக்கமாட்டான். ஊருக்குத் திரும்பிய பிறகும் ரொட்டியோ கேக்கோ, அங்கிள் நூலால்தான் அறுப்பார்.

அவர் மகள் ஸ்டெல்லாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அம்மா இல்லாத பெண். அப்பா ஒரு மாதிரி என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. இந்த ஆஸ்டின் டவுன் பையன் அவளுக்குப் பிடித்தவன். நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஐசிங் ரோஜாக்கள் பிழிந்தேன். ரிப்பன் கட்டிய கத்தியை அங்கிளிடம் கொடுத்து, இன்றைக்கு ஒருநாள் இதால் வெட்டுங்கள் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

ஜெபம் முடிந்தது. அங்கிள் எழுந்து, விரல் நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். நாற்பத்திரண்டு. கத்தியை ஓரமாக வைத்தார். சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தார். என் ரோஜாக்களின் கழுத்தில் நூல் இறங்கியது. கத்தியிருப்பேன்; நல்லவேளை, வாயில் சமோசா இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்துவிட்டது.

"நாங்க என்ன சோத்துக்கு இல்லாதவங்களா? தலைய எண்ணி, நூல் போட்டு அளக்கிறாரு."

ஹாலுக்கே கேட்டது. ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். மூன்றாவதும் போச்சு என்று நினைத்தேன்.

அங்கிள் பாட்டுக்கு எல்லோருக்கும் கொடுத்து முடித்தார். பிறகு தட்டைப் பார்த்தார். காலி.

"கணக்கு சரிதானே மேன்?" என்று என்னைக் கேட்டார்.

"உங்கள எண்ணுனீங்களா?"

நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேம்ப்ல தெனம் ரெண்டு வேளை நிக்கவெச்சு எண்ணுவாங்க. எண்ணுறவன் காவல்காரன். அவன் கணக்குல வரமாட்டான். அந்தப் பழக்கம்."

மாப்பிள்ளையின் அம்மா கோபத்தில் தன் துண்டைத் தொடாமலே வைத்திருந்தாள். எழுந்து வந்தாள். அதை விரலாலேயே இரண்டாகப் பிய்த்து நீட்டினாள்.

"இந்தாங்க, எடுத்துக்குங்க சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல்லுக்கு ஸ்டெல்லா நிமிர்ந்தாள். மனிதர் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

"பிச்சவங்கதான் கடைசி. அப்போ நான்தான் மொதல்ல எடுக்கணும்," என்றார். இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். ரோஜா இருந்த பெரிய துண்டை எடுத்தார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அங்கிள் போய்ப் பல வருடமாகிறது. நேற்று மாடி வீட்டில் தரையிலும் சுவரிலும் இருந்த க்ரீமைத் துடைத்தது வேலைக்கு வரும் அம்மா. அவளுக்குக் கேக் மிச்சமில்லை. வெட்டும்போது யாரும் அவளை எண்ணவில்லை. வாய் கிழியப் பேசிய நானும்தான்.