ஆறிய கணினிக்கு ஒத்தடம்

ஓய்வுபெற்று நான் அப்புத்தளையில் தங்கியிருந்த வீட்டில், ஞாயிற்றுக்கிழமை என்பது கணினி இருந்த மேசைக்கு உரிய நாள். கனடாவிலிருந்து மகள் அதில்தான் பேசுவாள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் இணையத்தில் குரல் வருவதே பெரிய காரியம். ஆனால் கால் மணி நேரம் போவதற்குள் கணினி சூடேறித் தானாக அணைந்துவிடும். சொல் பாதியில் நிற்கும். மிச்சம் அடுத்த ஞாயிறு. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் யாழ்ப்பாணத் தமிழில் எனக்குப் பதில் சொன்ன ஒரே பொருள் அதுதான்.

காரணம் எனக்குத் தெரியும். புரொசெசருக்கும், அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற அலுமினியக் கட்டிக்கும் நடுவே உள்ள பசை காய்ந்துவிட்டது. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும். பதுளைக் கடையொன்றில் பசை வாங்கி வந்தேன்.

வேலை பார்த்த காலத்தில் ஊவா மாகாணத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பரிசோதித்தவன் நான். 'முற்றாக ஆறும்வரை எந்த இயந்திரத்தையும் திறக்கக் கூடாது' என்று அங்கெல்லாம் சிவப்பு எழுத்தில் தொங்கிய அறிவிப்பு நான் எழுதியது. மும்மொழியிலும் பிழை கிடையாது. அதை மதித்து நடந்தவனும் அநேகமாக நான் ஒருவனே. அந்த ஒழுங்குப்படி வெள்ளி மாலை மின்சாரத்தைத் துண்டித்து, சனி காலை வரை கணினியை ஆறவிட்டேன். அப்புத்தளையில் ஆறவிடுவதற்கு மூடுபனியும் ஒத்தாசை செய்யும்.

ஆறியதில் பசை கல்லாக இறுகிவிட்டது. கொளுக்கியைக் கழற்றிக் கட்டியை நேராக மேலே இழுத்தேன். பூட்டியிருந்த புரொசெசரும் பல்லைப் பிடுங்கியதுபோலக் கூடவே வந்தது. அதன் அடியில் நிறைய மெல்லிய ஊசிக்கால்கள். ஓரத்தில் சில சாய்ந்திருந்தன. ஒன்று முறிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இந்த ஒரு இயந்திரத்தை மட்டும் சற்று ஓடவிட்டு, பசை இளகிய சூட்டில், மெல்லத் திருகித்தான் எடுக்கவேண்டும். அதை அறிவிப்பில் எழுத எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மனைவியின் சுடுதண்ணீர்ப் பை அலுமாரியில் இருந்தது. நிரப்பி, துவாயில் சுற்றி, கட்டியின்மேல் வைத்தேன். கட்டியை ஒருவர் பிடிக்க, புரொசெசரை மற்றவர் திருகவேண்டும். வீட்டில் மற்றவர் இல்லை. முழங்கால்களுக்கிடையில் இடுக்கிப் பார்த்தேன், வழுக்கியது.

அப்போது தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து தினமும் பால் கொண்டுவரும் அம்மா வாசலில் நின்றார்.

"என்னங்கய்யா, பொட்டிக்குக் காய்ச்சலா? ஒத்தடம் குடுக்குறீங்க?"

"காய்ச்சல் இல்லை. பிடிப்பு."

"எங்க மாமியாளுக்கும் புடிப்புதாங்க. ஒத்தடம் குடுத்தா முழங்கா நிமிருது, வாய்தான் மூட மாட்டேங்குது."

பிடிக்கச் சொன்னேன். பால் கேனை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இறுகப் பிடித்தார்.

"இது சரியானா மக வந்துருவாங்களா?"

"குரல் வரும்."

"கொரலுக்கா இம்புட்டுப் பாடு?"

விளிம்பைப் பற்றித் திருகினேன். அசையவில்லை. மறுபக்கம் திருகினேன். ஒட்டு விட்டு, புரொசெசர் என் விரல்களுக்குள் வந்தது.

"அட, இதுக்குத்தான் மூஞ்சிய அப்புடி வச்சிருந்தீங்களா?" என்று சிரித்துவிட்டு, பாலை ஊற்றிவிட்டுப் போனார். தேநீர் குடிக்கச் சொல்லியிருக்கலாம் என்பது வாசற்கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

சாய்ந்த ஊசிக்கால்களைச் சவர அலகால் நிமிர்த்தி, பசை பூசி, எல்லாவற்றையும் பூட்டினேன். கணினி ஓடியது.

ஞாயிறு மகள் வந்தாள். "என்னப்பா, என்ன புதினம்?"

"மழை. உங்கை?"

"சினோ கொட்டுது. சாப்பிட்டியளோ?"

"ஓம்."

பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். நான் பால் விலையைச் சொன்னேன். கால் மணி நேரம் கடந்தது. கணினியின் காற்றாடி சீராகச் சுற்றியது. அவள் மறுபடி சாப்பாட்டைக் கேட்டாள், நான் மறுபடி மழையைச் சொன்னேன். சுடுதண்ணீர்ப் பையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பா, இப்ப லைன் கட்டாகப் போகுது என்ன? அதுக்கு முதல் வைக்கட்டே?"

"ஓம் பிள்ளை, வை" என்றேன்.

அவள் வைத்தாள். கணினி ஓடிக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை.