முடிச்சுப் போட்ட தண்ணீர்ப் பானை

நோன்பைத் தண்ணீர் முறிக்காது என்று ரோமாபுரி அறிவித்தபோது எனக்கு மூன்று பிள்ளைகளும் பாதி வழுக்கையும் இருந்தன. செய்தி கால் நூற்றாண்டு தாமதம்.

நான் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கவிருந்த காலத்தில் சட்டம் வேறு. நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அன்று நற்கருணை கிடையாது. தூக்கக் கலக்கத்தில் யாரும் மொண்டு குடித்துவிடாதபடி, சனிக்கிழமை ராத்திரி அம்மா பானையின் வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் இறுகக் கட்டிவிடுவாள். மதுரை வரை நடந்து பூசைக்குப் போய் வந்து அந்த முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

அன்று விடியுமுன் மாமா என்னைக் கிணற்றடியில் குளிப்பாட்டினார். குளிர் தாங்காமல் வாயைத் திறந்தேன். திறந்ததோடு விட்டிருக்கலாம், மூடினேன். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அலறிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

"குளிக்கையில போனதெல்லாம் ஒரு தண்ணியா? விடு மாப்ள" என்றபடி மாமா பின்னாலேயே வந்தார்.

அப்பா ஊரில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் திருச்சபையின் பொதுச்சங்கத் தீர்மானம் ஒன்றை எடுத்துவிடுவார்.

"சங்கத்துப் பிதாக்கள் விதிச்சது. குளிக்கிற தண்ணி, குடிக்கிற தண்ணின்னு அவங்க பிரிக்கலை."

"அந்தப் பிதாக்கள்ல எவராச்சும் சமயநல்லூர்லருந்து மதுரைக்கு வெறும் வயித்தோட நடந்திருக்காகளா மச்சான்? சாமியாரை ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போமே."

"சாமியார் சங்கத்துக்கு மேலயா?"

அதோடு வழக்கு முடிந்தது. மற்றப் பிள்ளைகள் பீடத்துக் கிராதியில் வரிசையாக முழந்தாளிடும்போது, நான் மட்டும் புது வெள்ளைச் சட்டையோடு பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்காருகிறவனைச் சாவான பாவம் செய்தவன் என்றுதான் ஊர் நினைக்கும். அவ்வளவு பெரிய பாவம் செய்ய எனக்கு வசதியும் இல்லை, வயதும் இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா பானையருகே குந்தினாள். முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். துணியை மடித்து வைத்தாள். ஒரு செம்பு மொண்டு முழுக்கக் குடித்தாள்.

"அய்யய்யோ, மறந்துட்டேனே" என்றாள்.

அப்பா பொங்கிவிட்டார். "இம்புட்டு வருசமா இல்லாத மறதி இன்னைக்கா வரணும்?" மாமா வாதத்தை அப்படியே விட்டுவிட்டு, துண்டால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தார், வெகுநேரம் துவட்டினார்.

கோயிலில் மற்றத் தாய்மார்கள் பிள்ளைகளோடு நன்மை வாங்கப் போனார்கள். நானும் அம்மாவும் பாயில் உட்கார்ந்திருந்தோம். கண்கள் முதலில் என் மேல் விழுந்தன. பிறகு அம்மாவுக்கு நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டன. "ஆத்தாளே போகலையாம்ல" என்று யாரோ கிசுகிசுத்தது கேட்டது. அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு இருவரும் போவதென்று ஏற்பாடு. சனிக்கிழமை ராத்திரி அம்மா வழக்கம்போலப் பானையைக் கட்டினாள். அவள் நகர்ந்ததும் நான் போய், இந்த மறதிக்காரியை நம்பினால் காரியம் கெட்டுவிடும் என்று, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.