பொன்னாயியும் செவலையின் காதும்

அரியலூருக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல் குழிகளை ஒட்டிய மேட்டில் ஆடு மேய்த்துப் பிழைத்தவள் பொன்னாயி. புருஷன் போன பிறகு பட்டிக்குக் காவல் அவளும், செவலை என்ற நாயும்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் செவலையின் வலது காதில் சீழ் வைத்தது. ஓயாமல் தலையை உதறியது. கிட்டே போனாலே நாற்றம் அடித்தது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அழகேசன் சொட்டு மருந்து கொடுத்தார். வற்றுவது போல் வற்றி, மருந்து தீர்ந்ததும் சீழ் மறுபடி வழிந்தது. மருந்தை மாற்றிக் கொடுத்தார். அதுவும் அப்படியே ஆனது. நாயை எங்காவது விட்டுவிட்டு வந்தால் வேறு குட்டி பிடித்துத் தருவதாகக் கொழுந்தன் கொளஞ்சியப்பன் சொன்னான். அவள் நாயை மறுபடி ஆஸ்பத்திரிக்கே நடத்தினாள்.

மூன்றாம் முறை போனபோது டாக்டர் நாயின் வாயைக் கட்டி, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வு ஓட்டையாகியிருந்தது. பச்சையாக வந்த சீழைப் பஞ்சில் எடுத்துச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று அவரே வருத்தப்பட்டார். முடிவு வந்ததும் பொன்னாயியை உட்கார வைத்துப் பேசினார்.

“முன்ன குடுத்த ரெண்டு மருந்துக்கும் இந்தக் கிருமி சாவாதும்மா. ஒரு ஊசிக்குத்தான் அடங்கும். ஆனா அதைப் போட்டா அந்தக் காது சுத்தமா கேக்காம போயிடலாம்.”

“போடலன்னா?”

“சீழ் மூளைக்கு ஏறிடும்.”

“போடுங்க சார். ஒத்தக் காத வச்சுக்கிட்டு நான் இல்லையா?”

அப்போதுதான் அவள் இடது காதில் செருகியிருந்த பஞ்சை டாக்டர் கவனித்தார். அதுவும் நனைந்திருந்தது.

“எவ்வளவு நாளா இருக்கு?”

“வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே வடியுதுங்க.”

“யார்கிட்டயும் காட்டலையா?”

“யாரும் கேக்கலைங்க.”

அழகேசன் அந்தக் காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நாய்க்குக் குணமாகட்டும் என்றாள் அவள்.

தினமும் ஊசிக்கு நாயை நடத்திக்கொண்டு வந்தாள். டாக்டர் காட்டிக் கொடுத்தபடி, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் காதைத் துடைத்தாள். கார்த்திகை முடிவதற்குள் சீழ் நின்றது. வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் மட்டும் செவலை திரும்பவில்லை.

தை மாதம் ஆடுகளைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டுப் பொன்னாயி பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். மருந்தில் வடிதல் நின்றது. போன காது போனதுதான். ஓட்டையான சவ்வைத் திருச்சியில் ஒட்ட வைக்கலாம் என்றார்கள். பட்டியை அத்தனை நாள் யார் பார்ப்பது என்று அவள் போகவில்லை.

அந்த வருஷம் ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது பெண்கள் வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். அதுவரை அவள், தன் காதின் நாற்றத்துக்குக் கூசி, எப்போதும் கடைசியில் தள்ளியே உட்காருவாள்.