சகாயசெல்வியின் உடைந்த கப்பல்

திண்டுக்கல்லில் சகாயசெல்வியைவிட வேகமாகத் தமிழ் அடிக்கிற ஆள் கிடையாது என்று இரண்டாயிரமாவது வருடத்தில் பலரும் சொன்னார்கள். அதை அதிகம் சொன்னவள் சகாயசெல்விதான். தட்டச்சில் ஹையர் தேறியவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் 'செல்வி டிடிபி' என்று போர்டு மாட்டி, கல்யாணப் பத்திரிகை, தாடிக்கொம்புக் கோயில் நோட்டீஸ், மில் தொழிற்சங்கத் துண்டறிக்கை என்று வருவதையெல்லாம் கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே அடித்துத் தள்ளுவாள். வந்தவர் வாங்கி வந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்துவிடும்.

அந்தக் காலத்தில் கணினிப் பத்திரிகைகளோடு சிடி ஒன்று இலவசமாக வரும். புது எழுத்துரு ஏதாவது கிடைக்குமா என்று வாங்கிப் போட்டவளுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. அதில் படம் என்று ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் கோடுகளும் எழுத்துகளும்தான். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வால் சுற்றிக்கொண்டு ஒரு எழுத்து இருக்குமே, அதுதான் ஆள். விண்கல் மோதி ஓட்டை விழுந்த விண்கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் அந்த ஆள் மட்டும் உயிரோடு மிஞ்சியிருக்கிறான். இருபது தளம் இறங்கினால் அடியில் ஒரு தப்பிக்கும் படகு உண்டு. வழியெல்லாம் காற்று கசிகிறது, புத்தி கெட்ட இயந்திரங்கள் துரத்துகின்றன. ஒரு விசையை அமுக்கினால் ஒரு அடி. ஒரு அடிக்கு ஒரு மூச்சுக் காற்று குறையும்.

பாதியில் மூடிவிட்டுப் போனால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் செத்தால் செத்ததுதான். அந்த ஆட்டமே அழிந்துபோய், அடுத்த முறை கப்பலின் அறைகளும் படிகளும் வேறு மாதிரி மாறியிருக்கும். பழைய வழியை மனப்பாடம் செய்து பயனில்லை. கடைசியில் பத்துப் பெயர் கொண்ட பட்டியல் ஒன்று வரும். யார், எந்தத் தளம்வரை போனார், எப்படிச் செத்தார் என்று அதில் இருக்கும்.

எழுத்துகளோடே பிழைக்கிறவளுக்கு அது பிடித்துப்போனதில் அதிசயம் இல்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் கப்பலில் இறங்கினாள். கை பறக்கும், ஆள் ஓடுவான், சாவான். ஆறாம் தளத்தில் மூச்சுத் திணறி, ஒன்பதாம் தளத்தில் தீயில் கருகி, பதின்மூன்றாம் தளத்தில் இயந்திரத்திடம் சிக்கி. ஒரே வருடத்தில் பட்டியலின் பத்து இடத்திலும் SELVI என்ற பெயர்தான். அதைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சோறு சாப்பிடுவாள்.

மறு வருடம் பேகம்பூரிலிருந்து அஜீஸுன்னிசா வேலைக்கு வந்தாள். இருபது வயது. லோயர்கூடத் தேறவில்லை. எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவாள். மெய்ப்பு பார்க்க மட்டும் ஆகும் என்றுதான் சகாயசெல்வி அவளைச் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெண் தாளை வாங்கினால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிப்பாள். முதல் வாரத்திலேயே, அச்சுக்குப் போக இருந்த கன்னிவாடிக்காரர் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மாமனாரின் பெயர் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அடித்தது சகாயசெல்வி. கன்னிவாடிக்காரர் இதைப் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்கள் தாளை வாங்கியதும், அந்தப் பாப்பா பார்த்துவிட்டதா என்று கேட்கத் தொடங்கினார்கள். சகாயசெல்விக்கு அந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைத்தது.

அதோடு நின்றிருந்தால் பொறுத்துப் போயிருப்பாள். ஒரு நாள் அஜீஸ், தானும் கப்பலில் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள். சகாயசெல்வி பரிதாபப்பட்டுக் கொடுத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு விசை அமுக்குவாள், திரையை மேலும் கீழும் பார்ப்பாள், பிறகு இன்னொன்று. இப்படி ஆடினால் விடிந்துவிடும் என்று சகாயசெல்வி கேலி செய்தாள்.

"நமக்கென்னக்கா அவசரம்? நாம அமுக்குனாத்தான அது நகருது. அமுக்காம இருந்தா காத்தும் குறையாது, மிஷினும் வராது" என்றாள் அஜீஸ்.

மூன்று வாரம் அந்த ஒரே ஆட்டத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஆடி, பதினைந்தாம் தளத்தில்தான் செத்தாள். பட்டியலின் உச்சியில் AZEEZ என்று வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே ஒன்பது SELVI. வெள்ளைச் சேலையில் மைக்கறை பட்ட மாதிரி இருந்தது சகாயசெல்விக்கு. நல்லா ஆடினே புள்ள என்று வாயால் சொன்னாள். வயிறு எரிந்தது.

வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. கணவர் ராயப்பராஜ் வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில்லில் ஃபிட்டர். மில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பசியோடு வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொட்டிக்குள்ள யாரு பேரு மேல இருந்தா உனக்கென்ன? மொதல்ல வெஞ்சனத்துல உப்பப் போடு" என்றார். அவருக்குப் புரியாது. கடையும் கணினியும் சிடியும் தன்னுடையவை, வேகமும் தன்னுடையது, பெயர் மட்டும் எவளுடையதோ என்று அவள் புழுங்கினாள். அன்றிலிருந்து இன்னும் வேகமாக ஆடி இன்னும் சீக்கிரமாகச் செத்தாள்.

அஜீஸ் இரண்டாவது ஆட்டம் தொடங்கி, இரண்டு மாதத்தில் பதினெட்டாம் தளத்துக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து அவளைப் பெண் பார்க்க வத்தலகுண்டிலிருந்து ஆட்கள் வருவதாகச் சேதி வந்தது. ஆட்டத்தை மூடிவைத்துவிட்டு நான்கு நாள் விடுப்பில் போனாள். "திங்கக்கிழம வாரேன்க்கா. அது அப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, நன்மை அப்பம் வாங்கிய நாக்கு காய்வதற்குள், அவசரமாக ஒரு பத்திரிகை அடிக்க வேண்டும் என்று கணவரிடம் பொய் சொல்லிக் கடைக்கு வந்தாள் சகாயசெல்வி. ஷட்டரைப் பாதி இறக்கினாள். செய்யப்போவது என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அஜீஸின் ஆட்டத்தைத் திறக்க வேண்டும், கப்பலின் வெளிக்கதவைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றில்லாத வெளி அந்த ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கேட்டால் கரண்டு போய்வந்ததில் ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

திறந்தாள். அடுத்த வீட்டு அடுப்படிக்குள் ஆள் இல்லாத நேரத்தில் நுழைந்த மாதிரி இருந்தது. என்ன ஒரு ஒழுங்கு! அஜீஸ் ஆறு காற்று சிலிண்டர்கள் சேர்த்து வைத்திருந்தாள். ஓட்டை அடைக்கத் தகடு ஒன்பது. கடந்து வந்த கதவுகளையெல்லாம் ஒன்று விடாமல் சாத்தியிருந்தாள். சகாயசெல்விக்கு ஒருநாளும் இரண்டு சிலிண்டருக்கு மேல் மிஞ்சியதில்லை, கதவைச் சாத்த நேரமும் இருந்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் கூடியது. நேரே வெளிக்கதவுக்குப் போய் விசையை அமுக்கினாள். நிச்சயமாகத் திறக்க வேண்டுமா, ஆமா, இல்லையா என்று திரை கேட்டது.

விரல் நின்றது. இரக்கத்தால் அல்ல, ஆசையால். பதின்மூன்றுக்குக் கீழே அவள் போனதே இல்லை. பத்தொன்பதாம் தளம் எப்படி இருக்கும் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொன்றால் என்ன குறைந்துவிடும்? இல்லை என்று அமுக்கினாள்.

இறங்கினாள். அங்கே பாதித் தளம் எரிந்துகொண்டிருந்தது. தன் ஆட்டமாக இருந்தால் குறுக்கே பாய்ந்திருப்பாள். இது அடுத்தவள் பொருள். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்ட சங்கிலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வோமே, அப்படி ஒரு பயம் கைக்கு வந்துவிட்டது. ஒரு விசை அமுக்கினாள், மேலும் கீழும் பார்த்தாள், பிறகு இன்னொன்று அமுக்கினாள். கதவுகளைச் சாத்தினாள். ஓட்டைகளை அடைத்தாள். இயந்திரம் தாண்டிப் போகும்வரை மூலையில் நின்றாள். எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. ஒரே ஒரு சிலிண்டரைச் செலவழித்து இருபதாம் தளத்தின் கோடியில் படகைக் கண்டபோது, நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். ஏறினாள். படகு கிளம்பியது. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு பட்டியல் வந்தது. முதல் இடத்தில், தப்பித்தார், மிச்சம் ஐந்து சிலிண்டர். பெயர் AZEEZ.

ஆட்டம் தொடங்கும்போதே பெயர் கேட்டு வாங்கிக்கொள்ளும் விளையாட்டு அது. முடிவில் கேட்காது. தெரியாதவளா அவள்? பட்டியல் இருந்த கோப்பைத் திறந்து பெயரை மாற்றப் பார்த்தாள். உள்ளே கட்டம் கட்டமாகக் கிறுக்கல்தான் தெரிந்தது. கோப்பையே அழித்துவிடலாம். அழித்தால், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தான் அந்தப் படகில் ஏறியதற்கு இருக்கிற சாட்சியும் போய்விடும். அழிக்கவில்லை. கணினியை அணைத்துவிட்டு, மத்தியான வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை அஜீஸ் அல்வாப் பொட்டலத்தோடு வந்தாள். வத்தலகுண்டு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆட்டத்தைத் திறந்தவள், வெகுநேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் கீழிருந்து மேலாகப் படித்திருப்பாள்.

"அக்கா, நான் பதினெட்டுலதான விட்டுட்டுப் போனேன்?"

கரண்டு போன கதையைத் தயாராக வைத்திருந்தாள் சகாயசெல்வி. அது இப்போது எதற்கும் உதவாது.

"நாந்தான் முடிச்சேன்."

"எனக்காகவாக்கா?"

"இல்ல புள்ள. கொல்லணும்னுதான் வந்து உக்காந்தேன். ஒம் பேரு மேல இருக்கது எனக்குப் பொறுக்கல."

அஜீஸ் சிரித்துவிட்டாள். "போங்கக்கா. கொல்ல வந்தவுகளா அஞ்சு சிலிண்டர மிச்சம் வச்சிருப்பாக? நானே அம்புட்டுப் பத்திரமா வச்சிருக்க மாட்டேன்."

நம்பியிருந்தால், சண்டை போட்டிருந்தால், சகாயசெல்விக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தப் பெண்ணோ நிக்காஹ் அன்று வத்தலகுண்டில் மாமியார் வீட்டாரிடம், தனக்குக் கல்யாணப் பரிசாகக் கப்பலையே கரை சேர்த்துக் கொடுத்த அக்கா என்று அவளைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் நல்ல மனசு என்றார்கள். சகாயசெல்வி பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஆடினாள். தன் பெயரைக் கொடுத்துத் தொடங்கினால் கை பழையபடி பறந்தது, ஐந்தாவது ஆறாவது தளத்திலேயே ஆள் காலி. ஒரு நாள் கடையில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, பெயர் கேட்ட இடத்தில் AZEEZ என்று அடித்தாள். அன்று பதினாறாம் தளம்வரை போனாள்.

இரண்டாயிரத்து எட்டில் அந்தப் பழைய கணினியை ஒருவரிடம் தள்ளிவிட்டாள். இயக்கி அந்த விளையாட்டையும் திறந்து பார்த்தவர், இந்த அஜீஸ் யார் என்று கேட்டார்.

"எங்கடையில இருந்த புள்ள. என்னையவிட நல்லா ஆடும்" என்றாள் சகாயசெல்வி. சொல்லும்போது அப்போதும் எரிந்தது.

பட்டியலில் பத்தில் ஒன்பது இடம் அந்தப் பெயரில் இருந்தது. அஜீஸ் தானே ஆடி முடித்தது அதில் ஒன்றுதான்.