பஞ்சுவின் ஒப்பரேஷனும் மேல்மாடி அன்ரியின் கவலையும்

இண்டைக்கு எங்கட முயல் பஞ்சுவுக்குக் கருப்பை எடுக்கிற ஒப்பரேஷன்.

மூண்டு மாசமா ஆள் என்ர கையைக் கடிக்கிறா. தன்ர நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கி, சோபாவுக்குக் கீழ கூடு கட்டுறா.

"வயித்தில குட்டி இல்லை. இருக்கெண்டு அவவுக்கு நினைப்பு" எண்டு மிருக டொக்டர் முதலே சொன்னவர்.

இண்டைக்கு எடுத்த கருப்பையில ஒரு சின்னக் கட்டி. "பெண் முயலுகளுக்கு இது அடிக்கடி வாறது. இன்னும் விட்டிருந்தா ஆளே மிஞ்சியிராது" எண்டார்.

பின்னேரம் வெள்ளவத்தையில எங்கட பிளாட்டுக்குத் திரும்பி, பஞ்சு இருந்த கூடையோட லிஃப்டில ஏறினா, உள்ளுக்கு மேல்மாடி அன்ரி. கூடைக்குள்ள எட்டிப் பாத்து விசாரிச்சா. விஷயத்தைச் சொன்னன்.

"ஐயோ பாவம்! ஒருக்காவது தாயாக விட்டிருக்கலாமே. பொம்பிளைப் பிறவியெல்லே?"

"கட்டி இருந்தது அன்ரி. செத்திருப்பா."

"எண்டாலும், ஒரு குட்டியாவது..."

கருணை பொங்கி வழிஞ்சுது. நானும் கொஞ்சம் உருகிட்டன்.

பிறகு அன்ரி கூடையை விட்டிட்டு, என்ர வயித்தைப் பாத்தா.

"அதுசரி பிள்ளை, உங்களுக்கும் கலியாணம் முடிஞ்சு நாலு வருஷமாச்சே?"

மூண்டாம் மாடியிலயே இறங்கி, மிச்சம் ரெண்டு மாடியும் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு நடந்தன்.

லிஃப்ட் இல்லாத பிளாட் ஏதும் வாடகைக்கு இருந்தா, கீழ கொமென்ற்றில சொல்லுங்கோ.