எதுகை மோனையைப் புதைத்த ஆயம்மா

“எதுகை மோனையைக் கொன்னு இந்தப் பெரகலச் சந்தியிலயே பொதைச்சுட்டேன். இனி என் பேனாவுல அது எந்திரிச்சு வராது.”

பதுளை பஸ்ஸுக்குக் காத்திருந்த பதினொரு பேர் முன்னிலையில் மரியகொரட்டி இவ்வாறு பிரகடனம் செய்தார். அவர்களில் ஒருவர் மட்டும், “யாரும்மா செத்தது?” என்று கவலையோடு விசாரித்தார். தொடக்கத்தில் புரட்சிக்கு இவ்வளவு ஆதரவு கிடைப்பதே பெரிது.

மரியகொரட்டி கொஸ்லந்தப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும்போது பதினான்கு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது உத்தியோகம். அவை தூங்கும் இடைவெளியில் தமிழ்க் கவிதையைத் தலைகீழாகப் புரட்டுவது ஊழியம். ‘பெரட்டு’ என்ற கவிதையில் அந்த ஒரே சொல் நாற்பத்தொரு தடவை, காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் வரிசைபோல நிற்கும். கடைசிச் சொல் மட்டும் சற்றுத் தள்ளி, பிந்தி வந்தவளாம். ‘சம்பள உயர்வு’ என்ற கவிதையில் தலைப்புக்குக் கீழே வெறும் பக்கம். தோட்டத்தில் எல்லோருக்கும் விளங்கிய ஒரே கவிதை அதுதான். அதனால் கவிஞருக்கு அதன்மேல் கொஞ்சம் அதிருப்தி.

இருபது வருடக் கலகமும் ஒரே தொகுப்பாகப் பதுளையில் அச்சேறியது. ‘இந்நூலில் எதுகை மோனை இல்லை’ என்று அட்டையிலேயே கொட்டை எழுத்து. ஞாயிறு மாதா கோவில் மண்டபத்தில் வெளியீடு. வியாழன் பகல், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் சுதர்ஷினி போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, கடைசிப் பக்கம் ஒண்ணு காலியா நிக்குது.”

“அப்படியே விடு. அதுவும் கவிதைதான்.”

“அதுதான் ஏற்கனவே நாப்பதாம் பக்கத்துல இருக்கே. ஒரே கவிதைய ரெண்டு தடவை போடலாமா?”

மரியகொரட்டி தம் கவிதைக் கோட்பாட்டைப் புரட்டித் தேடி முடிக்குமுன் சுதர்ஷினியே தொடர்ந்தாள்.

“இன்னைக்கே ஒண்ணு தாங்க. இல்லாட்டி முதலாளி நம்ம கலியாணக் கார்டு விளம்பரத்தப் போட்டுருவாரு.”

கலகத்தின் முடிவில் கலியாணக் கார்டா? அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் கிடந்த இராக்கம்மாவின் மகள் வீறிட்டாள். “கொஞ்சம் இரு தங்கச்சி” என்று போனை ஜன்னலில் வைத்துவிட்டுக் கவிஞர் தொட்டிலை ஆட்டினார். முதலில் ‘பெரட்டு’ சொல்லிப் பார்த்தார். பன்னிரண்டாவது பெரட்டில் மற்றப் பதின்மூன்றும் எழுந்துகொண்டன. பிறகு வேறென்னவோ முணுமுணுத்தார். காம்பரா அடங்கியது. போனை எடுத்தபோது சுதர்ஷினி, “கெடைச்சிருச்சுக்கா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளே அட்டையும் ப்ரூப்புமாகக் காம்பராவுக்கு வந்து இறங்கினாள். கடைசிப் பக்கத்தில்:

கொழுந்தெடுக்கப் போனவ கூடையோட வருவா
உடுப்பெல்லாம் நனைஞ்சாலும் முத்தமொண்ணு தருவா

“புடிக்கலன்னா வெட்டிருங்க. விளம்பரம் ரெடியா இருக்கு.”

மரியகொரட்டி சிவப்புப் பேனாவைத் திறந்தார். அட்டையை ஒருமுறை பார்த்து அதைக் குப்புறப் போட்டார். ‘முத்தமொண்ணு’ என்பதை வெட்டி, மேலே ‘உம்மா ஒண்ணு’ என்று எழுதினார்.

“போன்ல கேட்டது உம்மாதான். நான்தான் நல்ல தமிழ்ல இருக்கட்டுமேன்னு மாத்துனேன். ஏங்க்கா, முத்தத்துக்கு என்ன?”

“உடுப்புக்கு உம்மாதான் சேரும்” என்றார், பிள்ளைகள் எழுந்துவிடாத குரலில்.